ஒரே கூரை, தனித்தனி எல்லைகள்



ஒன்றுக்கு மேல் பூனை வளர்ப்பவர்களிடம் "உங்கள் வீட்டுப் பூனைகள் சண்டை போடுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "தினமும் ரகளைதான்" என்பார்கள் சிலர். "சேச்சே, அதுங்க பாட்டுக்கு இருக்கும்" என்பார்கள் மற்றவர்கள். முதல் வகையினருக்குத் தங்கள் வீட்டில் ஒரு சிக்கல் இருப்பது தெரியும். நான் இன்று முக்கியமாகப் பேச வந்திருப்பது இரண்டாம் வகையினரிடம். பூனைகளின் சண்டையில் பெரும்பகுதி சத்தமே இல்லாமல் நடக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில் ஒரு பூனை காலை நீட்டிப் படுத்திருக்கிறது. பார்க்க ஓய்வாகத்தான் தெரியும். இன்னொரு பூனை படுக்கையறை வாசல் வரை வருகிறது, நிற்கிறது, அதைப் பார்க்கிறது, திரும்பி உள்ளே போய்விடுகிறது. அதன் மணல்பெட்டி குளியலறையில் இருக்கிறது. சாயங்காலம் அது உங்கள் மெத்தையில் சிறுநீர் கழிக்கிறது. உடனே நாம் "இதற்குக் கொழுப்பு" என்று திட்டுகிறோம். பகல் முழுக்க நம் கண்ணெதிரே நடந்த வழிமறியலை நாம் பார்க்கவே இல்லை. சீறல் இல்லை, கீறல் இல்லை, ஒரு பார்வை மட்டும்தான் நடந்தது.

2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பல பூனைகள் வாழும் 2,492 வீடுகளில் கேள்விகள் கேட்டுப் பதில் திரட்டினார்கள். மோதலின் அடையாளமாக மிக அதிகமாகச் சொல்லப்பட்டது கடியோ பிறாண்டலோ இல்லை; முறைத்துப் பார்ப்பதுதான். துரத்துவதும் பதுங்கித் தொடர்வதும் அதற்கு அடுத்தபடி வந்தன. இந்த வீடுகளில் 73.3 விழுக்காட்டில் பூனைகளை அறிமுகம் செய்த தொடக்கத்திலேயே மோதலின் அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. ஆக, உங்கள் வீட்டில் பூனைகள் ஒத்துப்போகவில்லை என்றால் அது அபூர்வமும் இல்லை, நீங்கள் வளர்த்த விதத்துக்கு வந்த அவமானமும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பூனைகளைச் சேர்த்துவைக்கப் பாடுபடாதீர்கள். அவை ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்க வழி செய்து கொடுங்கள். நட்பு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் அமைதி வரும்.

இதற்குக் காரணம் பூனையின் பூர்வீகத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பூனைகள் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 979 பூனைகளின் மரபணுவை ஆராய்ந்து 2007இல் நிறுவினார்கள். அந்தக் காட்டுப்பூனை இன்றும் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் தனியாகத்தான் திரிகிறது. அதன் இரை சுண்டெலி, பல்லி, சிறு பறவை. ஒரு சுண்டெலி ஒரு பூனையின் ஒரு சிறு வேளைக்குத்தான் போதும். நாளொன்றுக்கு எட்டுப் பத்தாவது வேண்டும். ஓநாய்க் கூட்டம் ஒரு மானை வீழ்த்தினால் பங்கு போடலாம். சுண்டெலியை யாரோடு பங்கு போடுவது? கூட்டாளி தேவைப்படாத வேட்டைக்காரன் பூனை. இன்னொரு பூனை என்பது அதற்குப் பங்காளி.

அப்படியென்றால் பூனை கூடி வாழவே வாழாதா என்று நீங்கள் கேட்கலாம். வாழும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் மெக்டொனால்டு 1980களில் பண்ணைப் பூனைகளைக் கவனித்தபோது, உறவுக்காரப் பெட்டைகள் சேர்ந்து குட்டி வளர்ப்பதையும், ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுப்பதையும் பதிவு செய்தார். மீன் சந்தைகளிலும் துறைமுகங்களிலும் நாம் பார்க்கும் பூனைக் கூட்டங்களும் இப்படித்தான், சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் தாயும் மகளும் அக்காளும் தங்கையுமாகக் கூடுகின்றன. பிடிக்காத பூனை அங்கிருந்து விலகிப் போய்விடலாம். நம் வீட்டில் என்ன நடக்கிறது? யார் யாரோடு வாழ்வது என்பதை நாம் முடிவு செய்கிறோம், பிறகு கதவையும் சாத்திவிடுகிறோம்.

இன்னொரு விஷயம். நாய்க்குச் சண்டை முடிந்ததும் தலை குனிந்து, வாலாட்டி, நக்கிக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளத் தெரியும். கூட்டமாக வேட்டையாடும் விலங்குக்கு அது அவசியம். பூனையிடம் அப்படிப்பட்ட சமாதானச் சடங்கு ஏறக்குறைய இல்லை. சண்டையை முடிக்க அது அறிந்த வழி விலகிப் போவது. விலக இடமில்லாத வீட்டில் நேற்றைய சண்டை இன்றும் முடியாமல் கிடக்கும்.

விலகுவதில் பூனைகள் கெட்டிக்காரர்கள். பால் லைஹவுசென் என்ற ஜெர்மானிய அறிஞர் பூனைகளின் நடத்தையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரே பாதையைப் பல பூனைகள் பயன்படுத்தும்போது, ஒன்று போய் முடியும்வரை மற்றொன்று தள்ளி உட்கார்ந்து காத்திருப்பதை அவர் எழுதியிருக்கிறார். 1996இல் பென்னி பெர்ன்ஸ்டைன், மிக்கி ஸ்ட்ராக் இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்த 14 பூனைகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அத்தனை பூனைகளும் கருத்தடை செய்யப்பட்டவை. ஒரே நாற்காலியைக் காலையில் ஒரு பூனையும் மாலையில் இன்னொரு பூனையும் முறைவைத்துப் பயன்படுத்தியிருக்கின்றன. போதிய இடம் கிடைத்தால் பூனைகள் தாங்களே கால அட்டவணை போட்டுக்கொள்ளும். நம் வேலை அந்த அட்டவணைக்கு இடம் கொடுப்பது.

சரி, நம் வீட்டில் நிலவுவது நட்பா, சகிப்பா, பகையா? எப்படிக் கண்டுபிடிப்பது? வாலை நேராகத் தூக்கிக்கொண்டு ஒன்று மற்றொன்றை நோக்கி வந்தால் நல்லெண்ணம். மூக்கோடு மூக்கு வைப்பது, உடம்பை உரசிக்கொண்டு போவது, ஒன்றையொன்று தொட்டபடி தூங்குவது, மாறி மாறி நக்கிக் கொடுப்பது இவையெல்லாம் நட்பு. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் தூங்கினால் சகிப்பு. அதுவும் நல்ல நிலைதான். ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன என்பதை மட்டும் வைத்து நட்பு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் கட்டில் அங்கே ஒன்றுதானே இருக்கிறது? ஒரு பூனை வந்ததும் இன்னொன்று எழுந்து போகிறதா, ஒன்று எப்போதும் பீரோ மேலேயே வாழ்கிறதா, அவசர அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுகிறதா, வயிற்று முடி உதிரும்வரை தன்னையே நக்கிக்கொள்கிறதா என்று கவனியுங்கள். இவை பகையின் தடயங்கள்.

விளையாட்டையும் சண்டையையும் பிரித்தறிவதில் வளர்ப்பவர்கள் பலர் குழம்புகிறார்கள். 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 210 பூனைகள் இடம்பெற்ற 105 காணொளிகளை அலசியது. இரண்டும் மாறி மாறிப் புரண்டு கட்டிப்பிடித்து உருண்டால் அது விளையாட்டின் பக்கம். குரல் எழுப்புவதும், நீண்ட நேரம் துரத்துவதும் சண்டையின் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். விளையாட்டாகத் தொடங்கி, ஒன்றுக்குப் போதும் என்றான பிறகும் மற்றது விடாமல் தொடர்வது அந்த வகையாக இருக்கலாம். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது எளிது. துரத்துவது எப்போதும் ஒன்றே, ஓடுவது எப்போதும் மற்றொன்றே என்றால் அது விளையாட்டு ஆகாது.

இனி வீட்டுக்குள் வருவோம். சென்னையின் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை இங்கே பலர் அறிவீர்கள். எட்டுக் குடும்பம், ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அங்கே நடந்த சண்டைகளில் முக்கால்வாசி அந்தக் குழாயடியில்தான் நடந்தன. மனிதர்கள் கெட்டவர்களாக இருந்ததால் வந்த சண்டை இல்லை அது. குழாய் ஒன்றாக இருந்ததால் வந்தது. பூனைகள் வாழும் வீட்டில் எது எது ஒன்றாக இருக்கிறதோ, எது எது ஒரே இடத்தில் இருக்கிறதோ, அங்கே ஒரு காவல்காரப் பூனை முளைத்துவிடும்.

முதலில் மணல்பெட்டி. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று பெட்டி என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. ஆனால் எண்ணிக்கையை விட இடம் முக்கியம். குளியலறையில் மூன்று பெட்டியை வரிசையாக வைத்தால், பூனைக்கு அது ஒரே கழிப்பறை. வாசலில் ஒரு பூனை உட்கார்ந்தால் மூன்றும் அடைபட்டுவிடும். ஒன்று குளியலறையில், ஒன்று பால்கனியில், ஒன்று படுக்கையறை மூலையில் என்று பிரியுங்கள். மூடி போட்ட பெட்டியில் உள்ளே போகவும் வரவும் ஒரே வழிதான். பயந்த பூனைக்கு அது பொறி. பெட்டியின் நீளம் பூனையின் உடம்பைப் போல ஒன்றரை மடங்கு இருப்பது நல்லது. கடையில் விற்கும் சின்னத் தட்டைவிடப் பெரிய பிளாஸ்டிக் டப் உதவும்.

அடுத்தது சாப்பாடு. தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் சேர்ந்து சாப்பிடுது பாருங்க" என்று படம் எடுக்கிறோம். தனித்து இரை தின்னும் விலங்கை எதிராளியின் தோளோடு தோள் உரச உட்காரவைக்கிறோம். அவை சாப்பிடத்தான் செய்யும், பசி இருக்கிறதே. ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாத இடங்களில் தட்டுகளை வையுங்கள். இரண்டு பெரிய வேளைக்குப் பதில் பல சிறு வேளைகளாகக் கொடுத்தால் பூனையின் இயல்புக்குப் பொருந்தும். தண்ணீர்க் கிண்ணத்தையும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

மூன்றாவது உயரம். நாம் வீட்டைச் சதுர அடியில் அளக்கிறோம், பூனை கன அடியில் அளக்கிறது. அறுநூறு சதுர அடி வீட்டில் தரையை விரிவாக்க முடியாது, சுவரைப் பயன்படுத்தலாம். பீரோ மேல் ஒரு பழைய துணி, பரணுக்கு ஏற இரண்டு படிப் பலகைகள், சன்னலோரம் ஓர் அலமாரித் தட்டு. ஏறும் வழி ஒன்று என்றால் இறங்கும் வழி வேறாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே போன பூனையைக் கீழே ஒன்று சிறைவைத்துவிடும். ஒரு பூனை மட்டும் அடங்கும் அட்டைப் பெட்டிகளுக்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு வைத்தால் செலவில்லாத அரண். நேராக நீளும் வழிகளின் நடுவே ஒரு நாற்காலியோ செடித்தொட்டியோ இருந்தால் முறைக்கும் பார்வை மறையும்.

2013இல் அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கமும் உலகப் பூனை மருத்துவச் சங்கமும் சேர்ந்து பூனை வீட்டுக்கு ஐந்து தூண்கள் என்று வகுத்தன. பாதுகாப்பான மறைவிடம், பிரித்து வைத்த தேவைகள், வேட்டை விளையாட்டு, மனிதரின் நிலையான அன்பு, பூனையின் மூக்குக்கு மரியாதை. இதுவரை நாம் பேசியது முதல் இரண்டு. வேட்டை விளையாட்டு எளிது. கோலில் கட்டிய இறகைத் தனித்தனியாக, தனித்தனி நேரத்தில் ஆட்டிக் காட்டுங்கள். ஒரே இறகுக்கு இரண்டையும் பாயவிடாதீர்கள். அன்பிலும் அதே கணக்குதான், ஒவ்வொன்றுக்கும் உங்களோடு தனி நேரம். ஐந்தாவது தூணை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பூனைக்கு முகத்தைவிட மணம்தான் அடையாளம். கன்னத்தை நாற்காலிக் காலில் உரசும்போது அது தன் மணத்தைப் பூசி, "இது என் இடம், பயமில்லை" என்று எழுதிவைக்கிறது. ஒத்துப்போகும் பூனைகள் ஒன்றையொன்று உரசி ஒரு குடும்ப மணத்தை உருவாக்கிக்கொள்கின்றன. ஒரு பூனையை மருத்துவரிடம் கொண்டுபோய்த் திரும்பினால், ஆண்டுக்கணக்கில் கூட இருந்த பூனை அதைப் பார்த்துச் சீறுவது இதனால்தான். மருந்து வாடையோடு வந்திருப்பது அதற்கு யாரோ அந்நியன். திரும்பிய பூனையைக் கூடையிலிருந்து உடனே திறந்துவிடாமல், ஒரு தனி அறையில் சில மணி நேரமோ ஒரு நாளோ விட்டு, வீட்டு மணம் ஏறிய பிறகு வெளியே விடுங்கள். தரையைக் கடும் வாடையுள்ள ஃபினைல் போட்டுத் துடைப்பதையும் குறையுங்கள். அது பூனைகளின் எழுத்தை அழிக்கிறது. அதிலுள்ள ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் பூனையின் ஈரலுக்கு நஞ்சும்கூட.

புதுப் பூனையைக் கொண்டுவருவதற்கும் இந்த மூக்குதான் வாசல். "ரெண்டையும் விடுங்க, அடிச்சுக்கிட்டுச் சரியாயிடும்" என்ற அறிவுரையை மறந்துவிடுங்கள். முதல் சந்திப்பில் விழுந்த பகை நெடுநாள் நிற்கும். புதியதைத் தனி அறையில், தனி மணல்பெட்டி, தனித் தட்டோடு வையுங்கள். ஒரு மென்துணியால் புதியதன் கன்னத்தைத் துடைத்துப் பழையதன் படுக்கையருகே போடுங்கள்; பழையதன் கன்னத்தைத் துடைத்த துணியைப் புதியதிடம் கொண்டு வாருங்கள். முகர்ந்துவிட்டுப் பேசாமல் போனால் அடுத்த படி. சாத்திய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து தள்ளி, நாள் போகப் போக நெருக்கி. பிறகு பார்வை. நம் வீடுகளில் இதற்குத் தோதான ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கொசுவலைக் கதவு. வலைக்கு அப்பால் ஒன்று, இப்பால் ஒன்று, நடுவே பிடித்த தின்பண்டம். அதுவும் சரியானால் உங்கள் கண் முன்னால் சில நிமிடச் சந்திப்பு, பதற்றம் தெரியும் முன்பே முடித்துவிட வேண்டும். இதற்கு எத்தனை நாள் ஆகும்? சில பூனைகளுக்குச் சில நாள், சிலவற்றுக்குச் சில மாதம். வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டில் அதிகம் பயப்படும் பூனை.

பல காலம் ஒற்றுமையாக இருந்தவை திடீரென்று பகையானால் மூன்று இடங்களில் தேடுங்கள். ஒன்று, சன்னலுக்கு வெளியே. தெருக் கடுவன் ஒன்று மதில்மேல் வந்து உட்காரும். உள்ளேயிருக்கும் பூனைக்கு அதை எட்ட முடியாது. கோபம் பக்கத்தில் இருப்பதன் மேல் பாயும். தீபாவளி வெடிச் சத்தமும் இதைச் செய்யும். சன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள், இரண்டையும் இருட்டு அறைகளில் தனித்தனியே அடங்கவிடுங்கள். இரண்டு, வயது. குட்டியில் கொஞ்சிக் குலாவியவை இரண்டு மூன்று வயதில் முழு வளர்ச்சி பெறும்போது தத்தம் எல்லையைக் கேட்கத் தொடங்கும். மூன்று, உடல்நோய். பல்வலி, மூட்டுவலி உள்ள பூனை தொட்டாலே அறையும்.

நோயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மன அழுத்தத்தால் பூனைகளுக்கு மூத்திரப்பை அழற்சி வரும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன், மருந்தை மட்டும் நம்பாமல் வீட்டுச் சூழலைத் திருத்தியே இந்த நோயைத் தணிக்கலாம் என்று காட்டியவர். கூட வாழும் பூனையோடு உள்ள பகையும் இந்த நோயும் சேர்ந்து காணப்படுவதையும் ஆய்வுகள் சொல்கின்றன. கடுவன் பூனை மணல்பெட்டிக்குப் போய்ப் போய் வந்து, முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அடைப்பு உயிரை வாங்கிவிடும்.

கருத்தடை செய்யாத பூனைகளை வைத்துக்கொண்டு அமைதி தேடுவது வீண். கருத்தடை செய்தால் கடுவன்களின் சண்டையும் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் பெருமளவு அடங்கும். ஆனாலும் கருத்தடைக்குப் பிறகும் ஆண்களில் ஏறக்குறைய 10 விழுக்காடும் பெண்களில் 5 விழுக்காடும் பீய்ச்சுவதுண்டு. அங்கேதான் மறுபடி வீட்டைப் பார்க்க வேண்டும்.

சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவே விடாதீர்கள். ஒரு தலையணையையோ அட்டையையோ இரண்டுக்கும் இடையே நுழைத்துப் பார்வையை வெட்டுங்கள். கத்துவது, அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் பயத்தைக் கூட்டும். அந்தப் பயத்தை ஒவ்வொரு பூனையும் மற்றதன் கணக்கில் எழுதும். உங்களைக் கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வீட்டுப் பூனைதானே என்று விடாதீர்கள். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கிக் கிருமியைப் புதைக்கும்; நம் நாட்டில் வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் கேட்டாக வேண்டும்.

பூனைகளை அமைதிப்படுத்தும் மணத்தைச் செயற்கையாகப் பரப்பும் கருவிகள் கடைகளில் இருக்கின்றன. 45 வீடுகளில் 28 நாள் நடந்த ஒரு சிறிய ஆய்வில், அதை வைத்த வீடுகளில் மற்ற வீடுகளைவிடச் சண்டை கூடுதலாகக் குறைந்தது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மணல்பெட்டிக்கு மாற்றாக வைக்க முடியாது. கடுமையான நிலையில் மருத்துவர் மனப்பதற்றத்துக்கு மருந்து தருவார், அதில் வெட்கமில்லை. எல்லாம் செய்தும் ஒரு பூனை பீரோ மேலிருந்து இறங்காமலே வாழ்கிறது என்றால், அதற்கு வேறொரு நல்ல வீடு தேடுவது கைவிடுவது ஆகாது. காட்டில் அது தானே எடுத்திருக்கக்கூடிய முடிவை, கதவைச் சாத்திய நாம் அதற்காக எடுக்கிறோம், அவ்வளவுதான்.

முடிக்கும் முன் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு ஒரு தாளில் உங்கள் வீட்டின் படத்தை வரையுங்கள். தட்டு, தண்ணீர், மணல்பெட்டி, தூங்கும் இடம், உயரமான இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு உங்கள் பூனைகளில் எது சாதுவோ, அதன் பேரில் ஒரு பென்சில் கோடு இழுங்கள். இன்னொரு பூனையைக் கடக்காமல் அது இவை ஒவ்வொன்றுக்கும் போய்வர முடிகிறதா? கோடு எங்கே முட்டி நிற்கிறதோ, நாளைக் காலை அங்கே ஒரு பெட்டியையோ தட்டையோ பலகையையோ நகர்த்துங்கள். பூனையின் குணத்தை மாற்ற நம்மால் முடியாது. ஒரு பிளாஸ்டிக் டப்பை இடம் மாற்ற யாராலும் முடியும்.